எண் விழாத வரிகள்

ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு என்று அடித்து, ஒரு புள்ளி வைத்து, கீழ் அம்பைத் தட்டிய நொடியில்தான் கதவு திறந்தது. திறந்தது என்று சொன்னால் போதாது... மழை ஓர் ஆளை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

நெட்டையான ஆள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒரு பையைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். பையில் ஒரு துளி ஈரமில்லை. அவன்தான் தொப்பலாக நனைந்திருந்தான். இமை முடிகளில்கூட மழை தங்கியிருந்தது. அதைத் துடைக்கத் தோன்றாமல், ரெண்டாவது மாடிக்கு எப்படிப் போகணும், ப்ரிண்டர் ரிப்பேர், என்று கேட்டான்.

எண் அடித்துக்கொண்டிருந்தவள் கையை நீட்டி எதிரே இருந்த படிக்கட்டைக் காட்டினாள். 'இவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு இந்த மனிதருக்கு இவ்வளவு பெரிய படிக்கட்டு தெரியவில்லையே' என்று மனசுக்குள் நொடித்தாள். நொடித்தாளே தவிர, அந்தக் கண்களை இன்னொரு முறை பார்த்தாள். அவனும் பார்த்தான். பிறகு ஈரக் காலடிகளை ஒவ்வொரு படியிலும் பதித்துக்கொண்டு மேலே போய்விட்டான்.

அவள் திரைக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஆயிரத்து நூற்று எண்பத்துநான்கு. புள்ளி. கீழ் அம்பு. ஆயிரத்து நூற்று எண்பத்தைந்து...

ஆமாம், நாற்பத்தெட்டு என்று அடிக்க வேண்டிய இடம் அது. நாலும் எட்டும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. அவளுக்கு அது தெரியவே இல்லை. இரண்டு வருஷத்தில் ஒரு வரியைக்கூடத் தவறவிடாதவள் என்று பெயரெடுத்தவள் அவள்.

அது ஒரு விசாரணை அலுவலகம். மேலறையில் சாட்சிகள் பேசுவார்கள். பேச்சு ஒலிப்பதிவாகி இவளிடம் வரும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு எழுத்தாக்குவது இவள் வேலை. எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வரிக்கும் வரிசை எண் விழ வேண்டும். வக்கீல்கள் பேசும்போது 'நானூற்றுப் பன்னிரண்டாம் வரியைப் பாருங்கள்' என்பார்கள். அந்த எண்ணில் அந்த வரி இருந்தாக வேண்டும். முன்பு எண் போடுவதற்கென்றே ஒரு மென்பொருள் இருந்தது. பழைய கணினி உயிரை விட்டபோது அதையும் உடன் அழைத்துப் போய்விட்டது. புதுக் கணினியில் அனுமதியில்லாமல் எதையும் ஏற்றக்கூடாது என்று உத்தரவு. அனுமதி கேட்டு எழுதிய கடிதம் மேசை மேசையாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதுவரை நோட்பேடும் அவளுடைய பத்து விரல்களும்தான். அலுவலகத்தில் அவளுக்கு 'வரிக்குதிரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

முக்கால் மணி நேரம் கழித்து, ஒரு தாளைச் சரிபார்க்கப் போனபோதுதான் கண்ணில் பட்டது. நானூறு வரிகளுக்கு மேல் தப்பு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

அந்த நேரம் பார்த்தா அவன் படியிறங்கி வர வேண்டும்? மழை விட்டபாடில்லை என்று வாசலருகே ஒதுங்கி நின்றவன், போகிற போக்கில் நன்றி சொன்னான்.

"நன்றி இருக்கட்டும். உங்களால எனக்கு நானூறு வரி போச்சு."

"நான் என்னங்க பண்ணேன்? வழிதானே கேட்டேன்..."

"அதான் பண்ணீங்க."

அவன் திரையை எட்டிப் பார்த்தான். அவள் விரல்கள் எண், புள்ளி, கீழ் அம்பு என்று மீண்டும் ஓடத் தொடங்கியதைப் பார்த்தான். ஏதோ விபத்தைப் பார்த்தவனைப் போல அவன் முகம் வெளுத்துவிட்டது.

"இதைக் கையாலயா போடறீங்க?"

"பின்ன, காலாலயா போடுவாங்க?"

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டான். பிறகு, அஞ்சு நிமிஷம் நாற்காலியைத் தரும்படி மரியாதையாகக் கேட்டான். எதையும் ஏற்றக்கூடாது என்று அவள் எச்சரித்தாள். புதிதாக எதையும் ஏற்றப் போவதில்லை, கணினிக்குள் ஏற்கெனவே சும்மா படுத்திருப்பவனை எழுப்பி வேலை வாங்கப் போகிறேன், அவ்வளவுதான் என்றான். நோட்பேடிலேயே ஏழெட்டு வரிகள் எழுதினான். ஒரு வரியை எடு, எண்ணில் ஒன்றைக் கூட்டு, எண்ணையும் வரியையும் சேர்த்து இன்னொரு கோப்பில் எழுது, அடுத்ததுக்குப் போ... இதற்குப் பேட்ச் ஃபைல் என்று பெயராம். சேமிக்கும்போது அதற்கு 'மன்னிப்பு' என்று பெயர் வைத்தான். எண் போடாத மூலக் கோப்பை அதற்குக் காட்டி, இருமுறை சொடுக்கினான். ஒரு கறுப்பு ஜன்னல் மின்னி மறைந்தது.

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு வரிகள். ஒவ்வொன்றின் தலையிலும் எண். ஒரு நாள் வேலை கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்து கிடந்தது.

அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. மூன்று வாரமாக வலித்த மணிக்கட்டை இன்னொரு கையால் தேய்த்துக்கொண்டாள். அவன் அதைக் கவனித்தான். "இனிமே வலிக்காது மேடம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பையை அணைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டான். ஒரு குடையாவது கொடுத்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியபோது தெரு முனையில் ஆளைக் காணவில்லை.

அவன் போனதும் முதல் வேலையாக இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறையும் ஒன்றுவிடாமல் சரிபார்த்தாள். அலுவலக வழக்கம் அப்படி. எண் போட்ட நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அறையை விட்டு வெளியே அனுப்பக்கூடாது. ஒரு பிழைகூட இல்லை. இருக்கவும் முடியாது; அது தலைமை அதிகாரி அம்மா மூச்சுவிடாமல் சொல்லி எழுதவைத்த தீர்ப்பு. அந்த அம்மா பேச ஆரம்பித்தால் இடைவெளி என்பதே கிடையாது; தாளில் ஒரு வெற்று வரிகூட விழாது.

அதற்குப் பிறகு இரண்டாவது மாடி ப்ரிண்டருக்கு என்ன வந்ததோ, வாரத்துக்கு மூன்று நாள் ரிப்பேரானது. அவன் வருவான், படியேறுவதற்கு முன்னால் இவள் மேசையருகே நிற்பான். "என் பேட்ச் ஒழுங்கா இருக்கானா?" என்பான். "உங்களை மாதிரி இல்லை, சொன்ன வேலையைச் செய்யறான்" என்பாள். அவன் ஒரு சின்ன கணினிக் கடையில் வேலை பார்ப்பதும், தங்கை கல்யாணமாகிப் போனபின் அம்மாவும் அவனும் மட்டும் இருப்பதும், காப்பியில் சர்க்கரை போட்டால் முகம் சுளிப்பதும் இவளுக்குத் தெரிந்துவிட்டது. இவளுக்கு அண்ணன் வீடுதான் வீடு, அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகப் போகிறது என்பதெல்லாம் அவனுக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நாள் இரண்டாவது மாடிக்காரரே இறங்கி வந்து, ப்ரிண்டர் முதல் நாளிலிருந்தே ஜோராக ஓடுகிறதே, இந்தப் பையன் எதற்கு வந்து துடைத்துவிட்டுப் போகிறான் என்று விசாரித்தார். அவள் தலையைக் குனிந்து விசைப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

இப்படியெல்லாம் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சாட்சியம் வந்தது.

ஓர் ஆலையில் வேலை பார்த்த தொழிலாளியைத் திருட்டுப் பட்டம் கட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆலை மேற்பார்வையாளரைக் கூண்டில் நிறுத்தி, கிடங்குச் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டார்கள். பதில் இல்லை. மறுபடி கேட்டார்கள். பதில் இல்லை. மூன்றாம் முறையும் இல்லை. கடைசியில் 'தெரியாது' என்றார். சாட்சி வாய் திறக்காத இடத்தில் ஒரு வெற்று வரி விட வேண்டும், அதற்கும் எண் உண்டு என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். பேசாததும் பதிவாக வேண்டும் அல்லவா. அவள் ஒழுங்காக வெற்று வரிகளை விட்டுத்தான் எழுதினாள். 'மன்னிப்பை' ஓடவிட்டாள். எண் போட்ட நகலை உறையில் போட்டு மேலே அனுப்பினாள்.

ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் மேலறையில் தொழிலாளியின் வக்கீல் எழுந்து, கிடங்குச் சாவி பற்றி மூன்று முறை கேட்டும் சாட்சி மௌனம் சாதித்திருக்கிறார், நகலைப் பாருங்கள் என்றார். எல்லோரும் நகலைப் பார்த்தார்கள். அங்கே மௌனமே இல்லை. மூன்று கேள்விகளும் ஒரே மூச்சில் கேட்டதுபோல ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. கீழே சட்டென்று 'தெரியாது'. எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். தொலைவிலிருந்து வந்த தொழிலாளி ஒன்றும் புரியாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தார். மூலத்தை எடுத்துவரச் சொல்லி, விசாரணையைத் தள்ளிவைத்தார் அதிகாரி அம்மா.

மூலத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது வரிகள். நகலில் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று. ஐம்பத்தொன்பது மௌனங்களைக் காணவில்லை.

உடனே அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். கடையில் கூட்டம் போலிருக்கிறது, பின்னால் ஒரே இரைச்சல். உங்கள் பேட்ச் என் வெற்று வரிகளை விழுங்கிவிட்டது என்றாள். வாய்ப்பே இல்லை என்றான் அவன். மூலத்தில் இருக்கிறது, நகலில் இல்லை, கண் முன்னால் இருக்கிறது என்றாள்.

"அப்போ நம்பர் போட்டதுக்கு அப்புறமா நீங்கதான் மூலத்துல சேத்திருப்பீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க மேடம். ப்ரோக்ராம் பொய் சொல்லாது."

அவன் அதை யோசிக்காமல் சொல்லிவிட்டான். ஆனால் அவள் தொழிலில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அனுப்பிய பிறகு ஒரு வரியைச் சேர்ப்பவள் எழுத்தர் இல்லை, கள்ளி. "சரிங்க" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

அவன் திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுநாள் மறுபடி கூப்பிட்டான்... அதையும் எடுக்கவில்லை. அந்தப் பேட்ச் ஃபைலை அழித்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது வரிகளுக்கும் கையாலேயே எண் போட்டாள்.

மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று மேலிருந்து தாள் வந்தது. பிழை எப்படி நேர்ந்தது? ஏன் சரிபார்க்கவில்லை? விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் நிரந்தர வேலை இல்லை. இருக்கும் வேலையும் நிச்சயமில்லை.

வீட்டில் அண்ணிதான் முதலில் மோப்பம் பிடித்தாள். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தவளிடமிருந்து துளித்துளியாக எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். பிறகு பேனாவை எடுத்துக் கையில் திணித்தாள்.

"எழுது. வெளியாள் எழுதின ப்ரோக்ராம், அதுலதான் கோளாறுன்னு எழுது. உண்மைதானே?"

"மாட்டேன் அண்ணி. அவர் பேர் இதுல வரக்கூடாது. அவர் கடைக்கே அந்தக் கட்டடத்துல வேலை கிடைக்காம போயிடும்."

"ஓஹோ. இது அவரைக் காப்பாத்தற கரிசனமா... இல்ல, அவர்மேல இருக்கற வீம்பா?"

"எனக்கே தெரியலை."

அண்ணி அவள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டு வந்து, தலையைத் தடவிக் கொடுத்தாள். இரண்டாவது கேள்விக்காவது ஒழுங்காகப் பதில் எழுது, ஏன் சரிபார்க்கவில்லை என்று கேட்கிறார்களே, அன்றைக்கு உடம்பு சரியில்லையா, தலைவலியா என்று கேட்டாள். அவள் முகம் குப்பென்று சிவந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. காரணம் அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதை எந்த அதிகாரிக்கு எழுதிக் கொடுப்பது?

மூன்றாம் நாள் அதிகாரி அம்மாவின் அறையில் நின்றாள். கடிதத்தில் ஒரே வாக்கியம்தான் இருந்தது. 'நகலைச் சரிபார்க்காமல் அனுப்பியது என் தவறு.' அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"ரெண்டு வருஷத்துல ஒரு தப்பு இல்லை உன் மேல. இதை மட்டும் ஏன் பாக்காம விட்டே?"

அவள் நின்றாள். சுவர்க் கடிகாரம் ஓடியது. எத்தனையோ சாட்சிகளின் மௌனத்தைக் காதால் கேட்டு எழுதியிருக்கிறாள். கேள்விக்கு முன்னால் நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். அவன்தான். அதே பை. தலை வாரியிருந்தான், சட்டையைக்கூட இஸ்திரி போட்டிருந்தான். அவள் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மேசைக்குப் போய், உள்ளே வர அனுமதி உண்டா என்று உள்ளே வந்த பிறகு கேட்டான்.

"அந்த எண் போடற ப்ரோக்ராமை எழுதினது நான்தான் மேடம். அது வெற்று வரி வந்தா தாண்டிப் போயிடும். அந்தக் கட்டளையோட குணமே அதுதான். எனக்கு அது தெரியாது. தெரியாதுங்கறதும் தெரியாது. இவங்க போன்ல சொன்னாங்க... நான் நம்பலை. இவங்க தப்புன்னு நிரூபிக்கணும்னு ரெண்டு நாள் உக்காந்து சோதிச்சேன். மூணு வெற்று வரி வெச்சு ஓட்டினேன். மூணும் காணோம்."

பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து அருகருகே வைத்தான். தேடுவதற்கென்று இருக்கும் இன்னொரு கட்டளையை வைத்து எழுதினால் வெற்று வரியும் வரிதான் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளும், ஒரே வரியில் முடிந்திருக்கும், முதலிலேயே செய்திருக்க வேண்டியது அதைத்தான் என்றான்.

"இவங்க ஒரு வரியும் விடலை. ஒரு வரியும் சேக்கலை. இதை எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

உங்களை யார் கூப்பிட்டது என்று கேட்டார் அதிகாரி அம்மா. யாரும் கூப்பிடவில்லை, இரண்டாவது மாடியில் சொன்னார்கள் என்றான். இது உங்கள் முதலாளிக்குத் தெரியுமா என்று கேட்டார். சொல்லிவிட்டுத்தான் வந்தேன், அவர் இன்னும் திட்டி முடிக்கவில்லை என்றான். அம்மாவின் உதடு லேசாக அசைந்தது. அவள் பக்கம் திரும்பி, இவரை உனக்குத் தெரியுமா என்றார்.

"ப்ரிண்டர் ரிப்பேருக்கு வர்றவர் மேடம்" என்றாள் அவள், தரையைப் பார்த்து.

"அப்படியா" என்றார் அம்மா. அந்த 'அப்படியா'வுக்கு எத்தனை அர்த்தம் இருந்ததோ... பிறகு வழக்கமான குரலில் மூச்சுவிடாமல் உத்தரவு சொன்னார். அவன் கடை ஆட்கள் எழுத்துமூல அனுமதியில்லாமல் இந்த அலுவலகக் கணினி எதையும் தொடக்கூடாது. அவளுக்கு எச்சரிக்கை. நிரந்தர வேலை ஆறு மாதம் தள்ளிப் போகும். போகுமே தவிர, பறிபோகாது. சாட்சியத்தின் சரியான நகல் எல்லோருக்கும் புதிதாகப் போக வேண்டும்.

வேலை தப்பிப் பிழைத்தது. அறைக்கு வெளியே வந்ததும் அவன் முன்னால் இறங்க, அவள் பின்னால் இறங்கினாள். படிக்கட்டின் திருப்பத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே தூறல் பஞ்சு பஞ்சாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு படி கீழே நின்றும் அவன் கண்கள் அவள் கண்களுக்கு நேராகவே இருந்தன. அந்தக் கண்களில் தூக்கமில்லை.

"நீங்க சேத்திருப்பீங்கன்னு சொன்னேனே..." என்று ஆரம்பித்தவன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். "அதை நான் சொல்லியிருக்கவே கூடாது. உங்களைத் தெரிஞ்சும் சொன்னேன். மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட வெக்கமா இருக்கு."

"ரொம்ப வலிச்சுது" என்றாள் அவள்.

"தெரியும்."

"மூணு நாளா சாப்பிடலை."

"நானும்தான்."

பிறகு அவன், தயங்கித் தயங்கி, ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை என்றான். முதல் நாள் அவன் போனதும் அத்தனை வரியையும் சரிபார்த்தவள் அவள். இதையும் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் பிடித்திருப்பாளே. அதிகாரி அம்மா கேட்டபோதும் அவள் பதில் சொல்லவில்லை என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தானாம்.

"ஏன் பாக்கலை?"

இந்தக் கேள்விக்குக் கடிதத்தில் எழுத முடியாததை, அதிகாரியிடம் சொல்ல முடியாததை, அண்ணியிடம்கூட மறைத்ததை வைத்துக்கொண்டு அவள் இத்தனை நாள் தவித்திருந்தாள். இனியும் தூக்கிச் சுமக்க அவளால் முடியவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி ஆரம்பித்தவள், முடிக்கும்போது அவனைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீங்க வர்ற நாள். மணி மூணாச்சு, வரலை. நாலாச்சு, வரலை. மழை வேற. தாள் கையிலதான் இருந்துச்சு... ஆனா நான் தாளைப் பாக்கலை. வாசலைப் பாத்துட்டே இருந்தேன்."

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பை கையிலிருந்து நழுவி இரண்டு படி உருண்டு போனது. மழையில் தான் நனைந்தாலும் அதை நனைய விடாதவன், அதை எடுக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

அங்கிருந்தே நிமிர்ந்து பார்த்து, "நான் உங்க வீட்டுக்கு வரட்டுமா? உங்க அண்ணன்கிட்ட பேசணும்" என்றான்.

"அண்ணன்கிட்ட அப்புறம் பேசலாம். முதல்ல எங்கிட்ட பேசுங்க."

அவன் எழுந்து நின்றான். இஸ்திரி போட்ட சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறவனைப் போல வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களோடவே இருக்கணும்னு தோணுது. இதைவிட நல்லா சொல்ல எனக்குத் தெரியலை."

"இதுவே போதும்" என்றாள் அவள். சொல்லிவிட்டு, அவன் பக்கத்தில் அதே படியில் இறங்கி வந்து நின்றாள்.